ஒரே கட்சி கையில் எல்லாம் இருந்தால் நல்லதுதானே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினாலே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஆபீஸ் கேண்டீனிலும் ஒரே வாதம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது: "போட்டா ஒரே கட்சிக்கு முழுசாப் போடணும், இல்லேன்னா எதுவும் நடக்காது." எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதிகாரம் ஒரே கையில் சேராமல் பிரிந்து இருப்பதே நல்லது என்பது என் நிலை. ஏன் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் கேள்விகளை வந்த மாதிரியே போட்டு பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இந்தியாவும் தமிழ்நாடும்தான்.

"அதிகாரம் பிரிஞ்சு இருக்கணும்னு சொல்றீங்களே, அது அமெரிக்கா சமாச்சாரம் இல்லையா?"

பேச்சு அங்கிருந்து வந்ததுதான். அங்கே அதிபருக்குத் தனி ஓட்டு, பிரதிநிதிகள் சபைக்குத் தனி ஓட்டு, செனட்டுக்குத் தனி ஓட்டு. அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்பது அடிக்கடி நடக்கும். நம் ஊரில் மக்களவையில் பெரும்பான்மை வைத்திருப்பவர்தான் பிரதமர், சட்டமன்றத்தில் வைத்திருப்பவர்தான் முதல்வர். அந்தச் சபை எதிராகத் திரும்பினால் அன்றைக்கே ஆட்சி போய்விடும்.

ஆனால் இங்கே வேறு விதமாகப் பிரியும். மக்களவை ஒருவரிடம், மாநிலங்களவை இன்னொருவரிடம் இருக்கலாம். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாமல் கூட்டணியோ சிறுபான்மை அரசோ அமையலாம். மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் வேறு கட்சி என்பது நமக்குப் பழகிப்போனது. அப்புறம், ஆளும் கட்சிக்குள்ளேயே "இது சரியில்லை" என்று சொல்லி எதிர்த்து ஓட்டுப் போட ஆள் இருப்பது. இந்தக் கடைசி வகை நம்மிடம் அநேகமாகச் செத்துவிட்டது, பின்னால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

"முழு மெஜாரிட்டி இருந்தாத்தானே வேலை வேகமா நடக்கும்? அதுல என்ன கெடுதல்?"

வேகமாக நடக்கும், மறுக்கவில்லை. எது வேகமாக நடக்கிறது என்று பாருங்கள். 1971இல் இந்திரா காந்திக்கு 352 இடங்கள். அந்தப் பலத்தில்தான் 1975இல் நெருக்கடி நிலைக்கு நாடாளுமன்றம் தலையாட்டியது, 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, அதில் மக்களவையின் ஆயுளையே ஐந்து ஆண்டிலிருந்து ஆறு ஆண்டாக அவர்களே நீட்டிக்கொண்டார்கள். 1984இல் ராஜீவ் காந்திக்கு 400க்கு மேல். 1986இல், தபாலைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டதால்தான் அது சட்டமாகவில்லை. 1988இல் அவதூறு மசோதாவும் மக்களவையைத் தாண்டிவிட்டது, பத்திரிகைக்காரர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் கைவிட்டார்கள்.

சமீபத்திய உதாரணம் வேளாண் சட்டங்கள். 2020 ஜூனில் அவசரச் சட்டம், செப்டம்பரில் நாடாளுமன்றம், நடுவில் எந்தக் குழுவின் பரிசீலனையும் கிடையாது. ஓராண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள், 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ். ஒரு குழுவுக்கு அனுப்பி ஆறு மாதம் அலசியிருந்தால் அந்தச் சட்டங்களில் நல்லது எது, ஆகாதது எது என்றாவது தெரிந்திருக்கும். அவசரப்பட்டதில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

"கூட்டணி ஆட்சின்னா எதுவுமே நடக்காதே, இழுத்துக்கிட்டே கிடக்குமே?"

1991இல் நரசிம்ம ராவுக்குப் பெரும்பான்மை இல்லை. தொழில் தொடங்க எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ்ஜியத்தை உடைத்தது அந்த அரசுதான். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நூறு நாள் வேலைச் சட்டமும் வந்தபோது மன்மோகன் சிங் அரசு இடதுசாரிகளின் வெளி ஆதரவில் நின்றுகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் திமுகவுக்கு 234இல் 96 இடங்கள்தான்; ஐந்து வருஷமும் "மைனாரிட்டி அரசு" என்று ஜெயலலிதா இடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ரூபாய் அரிசி, 108 ஆம்புலன்ஸ், கலைஞர் காப்பீட்டுத் திட்டம் எல்லாம் அந்த மைனாரிட்டி அரசு கொண்டுவந்தவை. உங்களுக்கு அவை பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், ஆனால் "எதுவும் நடக்கவில்லை" என்று சொல்ல முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் பஞ்சாயத்து ராஜ். 1989இல் ராஜீவ் அரசு, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுக்கும் 64ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. மக்களவையில் அசுர பலம், அங்கே நிறைவேறியது. மாநிலங்களை ஓரங்கட்டிவிட்டு டெல்லி நேராகக் கிராமத்துக்குள் நுழையப் பார்க்கிறது என்று எதிர்க்கட்சிகள் சண்டை போட்டன, மாநிலங்களவையில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு சில ஓட்டுகளில் கிடைக்காமல் போனது. மசோதா விழுந்தது. பிறகு பெரும்பான்மையே இல்லாத நரசிம்ம ராவ் அரசு அதே விஷயத்தை எடுத்து, இரு அவைகளின் கூட்டுக்குழுவில் வைத்துப் பேசி, மாநிலங்கள் முடிவுசெய்ய வேண்டியதை மாநிலங்களுக்கே விட்டு, 1992 டிசம்பரில் 73ஆவது திருத்தமாக நிறைவேற்றியது. 400 பேரை வைத்திருந்தவரால் முடியாததை எல்லோரையும் கெஞ்ச வேண்டியிருந்தவர் முடித்தார். கெஞ்ச வேண்டியிருந்ததால்தான் முடித்தார் என்பது என் வாதம்.

"மாநிலங்களவைக்கு மக்கள் ஓட்டே போடறதில்ல. அது எப்படி மக்கள் ஜெயிக்க வச்ச அரசைத் தடுக்கலாம்?"

நேரடியாகப் போடுவதில்லை, சரி. ஆனால் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிற எம்.எல்.ஏ.க்களுக்கு நாம்தான் போடுகிறோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் மாறுவார்கள், அதனால் ஒரே ஒரு அலையில் அந்த அவையை யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது. போன வருஷம் பீகார் என்ன நினைத்தது, நாலு வருஷம் முன்னால் தமிழ்நாடு என்ன நினைத்தது என்பதெல்லாம் கலந்து அங்கே உட்கார்ந்திருக்கும்.

பலன் கண்ணுக்குத் தெரிந்த இடம் நிலம் கையகப்படுத்தும் மசோதா. 2013 சட்டத்தில் இருந்த நில உரிமையாளர் சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு ஆகியவற்றைப் பல திட்டங்களுக்குத் தேவையில்லை என்று ஆக்கும் அவசரச் சட்டம் 2014 டிசம்பர் கடைசியில் வந்தது. மக்களவை ஒப்புக்கொண்டது. மாநிலங்களவையில் அப்போது ஆளும் கூட்டணிக்கு ஆள் போதவில்லை. அவசரச் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்துப் பார்த்துவிட்டு 2015 ஆகஸ்டோடு விட்டுவிட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எல்லாத் தடுப்பும் நல்ல தடுப்பு இல்லை. 1978இல் ஜனதா அரசு நெருக்கடி நிலைக் காலத்துக் கோளாறுகளைச் சரிசெய்யக் கொண்டுவந்த திருத்தத்தில், அரசியல் சட்டத்தின் அடிப்படையான விஷயங்களை மாற்றினால் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. காங்கிரஸ் கையில் இருந்த மாநிலங்களவை அதை வெட்டியது. அது இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம், வேண்டாம் என்பவர்களும் உண்டு. மற்றபடி அந்த 44ஆவது திருத்தம் நிறைவேறத்தான் செய்தது.

"அரசு சும்மா இருக்குமா? ஏதாவது குறுக்கு வழி கண்டுபிடிக்குமே?"

கண்டுபிடிக்கும். சட்டப்படியே உள்ள வழி கூட்டுக் கூட்டம்: இரண்டு அவையும் சேர்ந்து உட்கார்ந்தால் மக்களவைக்காரர்கள் எண்ணிக்கையில் அமுக்கிவிடுவார்கள். இதுவரை மூன்று மசோதாக்களுக்குத்தான் அப்படி நடந்திருக்கிறது – 1961 வரதட்சணைத் தடுப்பு, 1978 வங்கிப் பணியாளர் ஆணைய ரத்து, 2002 பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது.

இன்னொன்று, மசோதாவுக்கு "பண மசோதா" என்று முத்திரை குத்துவது. பண மசோதாவை மாநிலங்களவையால் தடுக்க முடியாது. 2016இல் ஆதார் சட்டம் அப்படித்தான் போனது. மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை தூக்கிப் போட்டது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள், நீதிபதி சந்திரசூட் மட்டும் இது அரசியல் சட்டத்தின் மேல் செய்த மோசடி என்று எழுதினார். மூன்றாவது வழி குரல் வாக்கெடுப்பு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்டும், கூச்சலுக்கு நடுவே குரலை வைத்தே நிறைவேறியதாக அறிவித்தார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற பதிவே இல்லை.

"தமிழ்நாட்டுல மேலவையே இல்லையே, இங்க யாரு தடுக்கறது?"

எம்.ஜி.ஆர். காலத்தில் 1986இல் சட்ட மேலவை ஒழிக்கப்பட்டது. அதனால் இங்கே தடுப்பதென்றால் சட்டமன்றத்துக்குள்ளே, அதுவும் ஆளும் கட்சிக்குள்ளே ஆள் இருக்க வேண்டும். மேலவை இருந்த காலத்திலேயே அப்படி நடந்த ஒரு கதை எல்லோருக்கும் பாதி தெரியும், மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு 375இல் 152 இடங்கள்தான். ராஜாஜி முதல்வரானார். 1953இல் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார், கட்சியைக் கூடச் சரியாகக் கேட்கவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திமுகவும் வெளியே போராடியது நமக்குத் தெரிந்த பாதி. உள்ளே என்ன நடந்தது? காங்கிரஸ் உறுப்பினர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள், காமராஜர் எதிர்த்தார், சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்தில் ஓட்டுகள் சரிபாதியாகப் பிரிந்தன, கடைசியில் நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது. தெருவில் எவ்வளவு கத்தினாலும், சபைக்குள்ளே சொந்தக் கட்சிக்காரன் கலங்கினால்தான் முதல்வர் இறங்கி வருவார். இன்றைக்கு அந்தக் கட்சிக்காரன் கலங்கலாம், ஓட்டை மட்டும் மாற்றிப் போட முடியாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

"கொறடா உத்தரவுன்னு பேப்பர்ல வருதே, அதை மீறினா என்ன ஆகும்?"

கொறடா என்பவர் கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்கு வரவழைத்து, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்பவர். இது பல நாடுகளில் உண்டு. இங்கே அதற்குப் பல் கொடுத்திருக்கிறோம். அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி, கட்சியின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் இருந்தாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். தானாகக் கட்சியை விட்டு விலகினாலும் அதே கதி.

வந்த காரணம் நியாயமானது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்று வடக்கே இன்றும் கிண்டல் செய்வது அதிலிருந்து வந்தது. அப்போதெல்லாம் மாநில அரசுகள் இப்படித்தான் கவிழ்ந்துகொண்டிருந்தன. 1985இல் ராஜீவ் அரசு 52ஆவது திருத்தமாக இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கட்சி மாறுகிறவனுக்குப் போட்ட பூட்டை, ஒரு மசோதா தன் தொகுதிக்கு ஆகாது என்று நினைக்கிறவனுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

"கட்சி தாவறவனைத் தண்டிக்கறது நல்லதுதானே? அதையும் வேணாங்கிறீங்களா?"

தண்டிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில்லறையில் விற்றால் குற்றம், மொத்தமாக விற்றால் வியாபாரம் என்கிற மாதிரிதான் சட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து போனால் "பிளவு" என்று விட்டுவிடுவார்கள். 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் "இணைப்பு", இன்றும் தப்பில்லை. அதுவும் முடியாவிட்டால் ராஜினாமா வழி. 2019இல் கர்நாடகத்திலும் 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்திலும் எம்.எல்.ஏ.க்கள் கும்பலாக ராஜினாமா செய்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள், அவர்களில் பலர் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சிச் சின்னத்தில் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் தீர்ப்புச் சொல்வது யார்? சபாநாயகர். அவர் ஆளும் கட்சிக்காரர். 2017 தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று ஜெயித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் ஓ.பன்னீர்செல்வமும் அவர் அணியும். ஆகஸ்டில் இரண்டு அணியும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வர். உடனே தினகரன் பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரின் பதவியைச் சபாநாயகர் பறித்தார். அரசுக்கு எதிராகச் சபையிலேயே ஓட்டுப் போட்டவர்கள் அமைச்சரவையில், கடிதம் கொடுத்தவர்கள் வீட்டில்! உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் பதவிப் பறிப்பு செல்லும் என்றார். அரூர், ஆண்டிபட்டி, பெரம்பூர் உட்பட 18 தொகுதிகளுக்கு 2019 மே வரை எம்.எல்.ஏ.வே இல்லை. அந்த 11 பேர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மறுபடி சபாநாயகரிடமே வந்து, சபையின் ஆயுள் முடியும்வரை பதவி பறிக்கப்படாமலே போனது.

"கட்சிச் சின்னத்துல ஜெயிச்சுட்டு கட்சிக்கு எதிரா ஓட்டுப் போடறது துரோகம் இல்லையா? நாங்க சின்னத்துக்குத்தானே போட்டோம்?"

இதுதான் இருப்பதிலேயே வலுவான கேள்வி. பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆட்சி நிற்குமா விழுமா என்ற வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் கட்சியோடு நிற்பது நீங்கள் போட்ட ஓட்டுக்கு மரியாதை. அதைத் தாண்டி, ஒரு மீன்பிடித் துறைமுக மசோதாவிலோ பல்கலைக்கழகத் திருத்தத்திலோ எதற்குக் கொறடா? தேர்தல் அறிக்கையில் இல்லாத ஒன்றைத் தலைமை நடுவில் கொண்டுவந்தால், நீங்கள் சின்னத்துக்குப் போட்ட ஓட்டு அதற்கும் சேர்த்தா?

இது என் தனிக் கருத்து இல்லை. 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு, தானாகக் கட்சி விலகினாலோ நம்பிக்கை சார்ந்த வாக்கெடுப்பில் மீறினாலோ மட்டும் பதவியைப் பறிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதும் (ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர்தான்), கொறடா உத்தரவைக் குறுக்கிப் படிக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. 2010இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், எந்தக் கட்சித் தலைமையும் சீந்தவில்லை. தலைமைக்கு இதைவிட வசதியான சட்டம் வேறு ஏது?

மனசாட்சிப்படி ஓட்டுப் போட இங்கே மிச்சம் இருக்கும் ஒரு இடம் குடியரசுத் தலைவர் தேர்தல், அதில் கொறடா இல்லை, ரகசிய ஓட்டு. 1969இல் மனசாட்சிப்படி போடுங்கள் என்று இந்திரா காந்தியே சொல்லி, சொந்தக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி.கிரி ஜெயித்தார். அதே இந்திராவின் கட்சியில் பிறகு யாருக்காவது மனசாட்சி அனுமதிக்கப்பட்டதா என்று கேட்காதீர்கள்.

"உறுப்பினர்கள் இஷ்டத்துக்கு ஓட்டுப் போட்டா ஆட்சி நிக்குமா?"

பிரிட்டனில் நின்றது. 2019 ஜனவரி 15 அன்று பிரதமர் தெரசா மேயின் பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும்) ஒப்பந்தம் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. அவருடைய சொந்தக் கட்சியில் 118 பேர் எதிர்த்துப் போட்டார்கள். மறுநாள் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது; அதில் 325க்கு 306 என்று மே ஜெயித்தார். முதல் நாள் எதிர்த்த கட்சிக்காரர்கள் மறுநாள் அவரோடு நின்றார்கள். ஒப்பந்தம் பிடிக்கவில்லை, ஆட்சி போக வேண்டாம் என்ற இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல அவர்களுக்கு இடம் இருந்தது. முந்தைய பதிலில் நான் கேட்ட பிரிப்பு இதுதான். இங்கே என்றால் அந்த 118 பேரும் பதவிப் பறிப்பு நோட்டீசோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அங்கேயும் தலைமை சும்மா விடுவதில்லை. அதே வருஷம் செப்டம்பரில், மேக்கு அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன், எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றினார். ஆனால் எம்.பி. பதவி போகவில்லை, அடுத்த நாளும் சபைக்கு வந்து உட்கார்ந்தார்கள். நம்மிடம் மக்களவை சபாநாயகராக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சாட்டர்ஜியைப் பாருங்கள்: 2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தச் சண்டையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கியபோது சபாநாயகர் பதவியிலிருந்து விலகச் சொன்னது அவருடைய கட்சி. சபாநாயகர் கட்சிக்காரர் இல்லை என்று மறுத்தார். கட்சி அவரை நீக்கிவிட்டது. பத்து முறை எம்.பி.யாக இருந்தவர்.

"கூட்டணிக் கட்சிங்க மிரட்டிப் பிழைக்கும். அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கியதும் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்ததே, அதற்கு முன்னால் பல மாதம் டெல்லிக்கும் போயஸ் தோட்டத்துக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தது. கேட்டதில் ஒன்று, திமுக ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது. இது தடுப்பு இல்லை, பேரம். கூட்டணியில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

பிரித்துப் பார்க்க எனக்கு உதவும் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கட்சி கேட்டது எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றா, அல்லது தனக்கு மட்டும் ஒரு துறை, ஒரு வழக்கு, ஒரு பதவியா?

"2024க்கு அப்புறம் பாஜகவுக்குத் தனி மெஜாரிட்டி இல்லையே, ஏதாவது மாறுச்சா?"

கொஞ்சம். 303இலிருந்து 240க்கு வந்தார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் உயர் பதவிகளில் வெளியாட்களை நேரடியாக நியமிக்கும் விளம்பரம் வந்தது, இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்க்கட்சிகள் மட்டுமில்லாமல் ஆளும் கூட்டணியிலேயே இருந்த சிராக் பாஸ்வானும் சொன்னார், சில நாளில் விளம்பரம் வாபஸ். முஸ்லிம் அறக்கொடைச் சொத்துகள் பற்றிய வக்ஃப் மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. ஆனால் 2025 ஏப்ரலில் அந்த மசோதா தெலுங்கு தேசம், ஐக்கிய ஜனதா தளம் ஆதரவோடு நிறைவேறியும் விட்டது. கூட்டணி என்று பெயர் இருந்தாலே கடிவாளம் வந்துவிடாது, அதைப் பிடித்து இழுக்க யாருக்காவது மனசு வேண்டும்.

"மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி இருந்தா நிதி கிடைக்கும். டபுள் எஞ்ஜின் நல்லதுதானே?"

வரிப் பங்கு நிதிக் குழு கணக்குப் போட்டுத் தருவது, யாருடைய தயவும் இல்லை. ஆனால் மத்தியத் திட்டங்களின் பணத்தில் விளையாட முடியும், விளையாடுகிறார்கள். பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தப்பட்டு, மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இதைப் பார்த்துவிட்டு "அப்ப அவங்களுக்கே போட்டுடலாம்" என்பவர்களிடம் நான் கேட்பது: பணத்தைப் பிடித்துவைத்தவருக்கே பரிசா?

நம் ஜனங்களுக்கு இது புதிதும் இல்லை. 1980 ஜனவரியில் மக்களவைக்கு இந்திரா-கருணாநிதி கூட்டணிக்கு 39இல் 37 கொடுத்தார்கள், அதே வருஷம் மே மாதம் சட்டமன்றத்துக்கு எம்.ஜி.ஆரை உட்கார வைத்தார்கள். 2019இல் இன்னும் நுணுக்கம். தர்மபுரி மக்களவைத் தொகுதியில் திமுக ஜெயித்தது. அதற்குள்ளேயே இருக்கும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அதே நாளில் நடந்த இடைத்தேர்தலில் அதிமுக ஜெயித்தது. ஒரே வாக்குச்சாவடியில், அடுத்தடுத்த இரண்டு இயந்திரத்தில், டெல்லிக்கு ஒரு சின்னம் கோட்டைக்கு ஒரு சின்னம்.

"ஜைல் சிங் மசோதாவை நிறுத்தினா நல்லதுங்கிறீங்க, ஆளுநர் நிறுத்தினா மட்டும் தப்பா?"

மாட்டிவிடப் பார்க்கிறீர்கள், நல்ல கேள்வி. குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநரை மத்திய அரசு நியமிக்கிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறது. அதனால் ஆளுநர் தடுப்பது பெரும்பாலும் ஒரு கட்சி இன்னொரு கட்சியை நியமன ஆள் மூலம் தடுப்பது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டு ஆளுநர் திருப்பி அனுப்பிய பத்து மசோதாக்களைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியும் அவை குடியரசுத் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தன. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

ஆனாலும் ஜைல் சிங் செய்ததைச் சரியான வழிமுறை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். காலக்கெடு இல்லாத ஓட்டையை அவர் பயன்படுத்தினார், விளைவு நமக்குச் சாதகமாக அமைந்தது. அந்த மசோதாவைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் அவையில் இருந்த எம்.பி.க்கள்.

"அமெரிக்காவுல பட்ஜெட் சண்டையில அரசாங்கமே மூடிக்கிடக்குதே, அந்த நிலைமை இங்க வரணுமா?"

இங்கே வராது. நிதி மசோதா தோற்றால் அரசே விலக வேண்டியதுதான், மூடிக்கொண்டு உட்கார முடியாது. அங்கேயும் 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீண்ட முடக்கம் ஆரம்பித்தபோது அதிபரும் இரண்டு சபைகளும் குடியரசுக் கட்சி கையில்தான் இருந்தன. 2025 அக்டோபரில் தொடங்கிய 43 நாள் முடக்கத்திலும் அப்படியே. பிரிவினையால் மட்டும் வருகிற வியாதி இல்லை அது.

அதே அமெரிக்காவில் 1974இல், அதிபர் நிக்சன் தரப்பு எதிர்க்கட்சியை உளவு பார்த்து மறைத்த வாட்டர்கேட் விவகாரத்தின் விசாரணையை நடத்த முடிந்ததற்கு ஒரு காரணம் காங்கிரஸ் ஜனநாயகக் கட்சி கையில் இருந்தது. ஆனால் நிக்சன் ராஜினாமா செய்தது, பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்களே வெள்ளை மாளிகைக்குப் போய் செனட்டில் ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான்.

"எங்க குடும்பமே ரெண்டு தலைமுறையா ஒரே கட்சி. அதை விட்டுடணும்னு சொல்றீங்களா?"

விட வேண்டாம். கட்சி இல்லாமல் சாதாரண ஆள் அரசியலுக்குள் வரவே முடியாது. ஆனால் தலைமை என்ன செய்தாலும் வீட்டில் இருந்துகொண்டு முட்டுக் கொடுப்பதற்கு உங்களைக் கொறடா கட்டாயப்படுத்தவில்லையே? எம்.எல்.ஏ.வுக்குப் பதவி போகும் என்ற பயம், அதையாவது புரிந்துகொள்ளலாம். உங்களுக்கு என்ன போகும்? இதைச் சொன்னால் எங்கள் குழுவில் இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டணி அமையும்.

செய்யக்கூடியது சில உண்டு. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அங்கேயாவது ஆளைப் பார்த்துப் போடுங்கள். எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ ஊருக்கு வந்தால் ரோடு, விளக்கோடு சேர்த்து "இந்த மசோதாவில் நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள், எண்ணி வாக்கெடுப்பு நடத்தச் சொல்லிக் கேட்டீர்களா" என்றும் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் எண்ணி எடுத்த வாக்கெடுப்புகளின் பெயர்ப் பட்டியல் அவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும், இணையத்திலேயே பார்க்கலாம். நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே போய்விடுவதால் உங்கள் எம்.எல்.ஏ.வின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் அவரிடமே கேட்கச் சொல்கிறேன்.